திறமூல லைப்ரரிக்கு உரிமம் தேர்ந்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

தனியாக இயங்கும் ஒரு செயலிக்கு உரிமம் தேர்ந்தெடுப்பதும், மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒரு லைப்ரரிக்கு உரிமம் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. செயலியின் உரிமம் பெரும்பாலும் அந்தச் செயலியோடு நின்றுவிடுகிறது. லைப்ரரியின் உரிமமோ அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலையும், அந்த நிரலை எழுதியவர் தம் வாடிக்கையாளருக்குத் தரக்கூடிய உறுதிமொழிகளையும் தொடுகிறது. ஆகவே, எனக்குப் பிடித்த உரிமம் எது என்று தொடங்குவதைவிட, இந்த லைப்ரரியைத் தம் நிரலோடு இணைக்கப்போகிறவர்கள் யார், அவர்களிடம் நான் எதைக் கேட்கிறேன் என்று தொடங்குவதே சரியான முறை.

இந்த முடிவை எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். வெளியாள் ஒருவரின் முதல் பங்களிப்பு, நீங்கள் நிரலைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்துக்குள் வருவதற்கு முன்பே உரிமம் முடிவாகியிருக்க வேண்டும். அதுவரை முடிவு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதன் பிறகு உரிமத்தை மாற்ற நினைத்தால், பங்களித்த ஒவ்வொருவரின் சம்மதமும் தேவைப்படும்.

படிகளை விளக்குவதற்கு வசதியாக, தமிழ்ச் சொல் ஒன்றை வேர்ச்சொல், விகுதி, வேற்றுமை உருபு எனப் பிரித்துத் தரும் ஒரு பைத்தான் லைப்ரரியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதில் சில ஆயிரம் வரி நிரலும், விதிகள் அடங்கிய கோப்புகளும், ஒரு பெரிய சொற்பட்டியலும் இருக்கின்றன என்று கொள்வோம்.

படி 1: பதிப்புரிமை யாருடையது என்று உறுதிசெய்யுங்கள்

உரிமம் வழங்கும் அதிகாரம் பதிப்புரிமை உடையவருக்கு மட்டுமே உண்டு. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்க்கிறது. எழுதிய கணத்திலேயே, எங்கும் பதிவு செய்யாமலேயே, பாதுகாப்பு வந்துவிடுகிறது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பணியின் ஒரு பகுதியாக ஊழியர் எழுதிய நிரலுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனமே முதல் உரிமையாளர். சொந்த மடிக்கணினியில் விடுமுறை நாளில் எழுதியதால் அது தம்முடையதே என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் பணி ஒப்பந்தங்கள் சில, வேலை நேரத்துக்கு வெளியே எழுதப்படுபவற்றின் மீதும் உரிமை கோருகின்றன. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். ஐயம் எழுந்தால் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வழியாகவாவது எழுத்துபூர்வமான அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். கல்லூரி ஆய்வுத் திட்டங்களுக்கும் நிதியுதவி பெற்ற பணிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பதிப்புரிமை தானாகவே வந்துவிடுவதால்தான், உரிமமே இல்லாமல் மூலநிரலைப் பொதுவில் வைப்பது தாராளமாகத் தோன்றினாலும் உண்மையில் கதவை அடைப்பதற்குச் சமம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுக் களஞ்சியமாக வைத்தால், அந்தத் தளத்தின் விதிகளின்படி பிறர் அதைப் பார்க்கலாம், அங்கேயே ஃபோர்க் செய்து, அதாவது தனிப் படியாக எடுத்து, வைத்துக்கொள்ளலாம். தம் நிரலில் சேர்த்து வெளியிடும் அனுமதி அதனால் கிடைத்துவிடாது. பொறுப்புள்ள நிறுவனம் எதுவும் அப்படிப்பட்ட லைப்ரரியைத் தொடாது.

படி 2: உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

உங்கள் விருப்பத்துக்கு முதல் எல்லையை வகுப்பவை, நீங்கள் ஏற்கெனவே உள்ளே கொண்டுவந்திருக்கும் பிறரது படைப்புகள். சார்ந்திருக்கும் லைப்ரரிகளை எல்லோரும் சரிபார்ப்பார்கள். தரவுக் கோப்புகளைத்தான் மறந்துவிடுகிறார்கள். 2021 மார்ச் மாதத்தில் ரூபி நிரல்மொழி உலகில் நடந்த நிகழ்வு இதற்கு மிகத் தெளிவான சான்று. கோப்பின் வகையைக் கண்டறியும் மைம்மேஜிக் என்ற சிறிய லைப்ரரி, பயன்படுத்துவோரிடம் பெரிதாக எதையும் கேட்காத எம்ஐடி உரிமத்தில் வெளியாகிவந்தது. அதனுள் இருந்த ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, தன்னைச் சேர்த்துக்கொள்ளும் நிரலும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் ஜிபிஎல் உரிமம் கொண்ட வேறொரு திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. இது சுட்டிக்காட்டப்பட்டதும் பராமரிப்பாளர் உரிமத்தை ஜிபிஎல் என்று மாற்றி, பழைய பதிப்புகளை, ரூபி லைப்ரரிகளை வழங்கும் ரூபிஜெம்ஸ் தளத்திலிருந்து விலக்கினார். வலைச்செயலிகள் எழுதப் பயன்படும் ரூபி ஆன் ரெயில்ஸ் அந்த லைப்ரரியை மறைமுகமாகச் சார்ந்திருந்ததால், உலகெங்கும் எண்ணற்ற திட்டங்களில் நிறுவல் தடைபட்டது. ரெயில்ஸ் குழுவினர் அப்பாச்சி டிகா திட்டத்தின் தரவைக் கொண்டு மாற்று வழி செய்த பிறகே நிலைமை சீரானது. இத்தனைக்கும் நிரலில் பிழை ஏதும் இல்லை. சிக்கல் ஒரே ஒரு தரவுக் கோப்பில் இருந்தது.

நம் எடுத்துக்காட்டில் இதே இடர் சொற்பட்டியலில் இருக்கிறது. அதைத் தமிழ் விக்சனரியிலிருந்து திரட்டியிருந்தால், விக்சனரியின் உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பிடல்-அதேமுறைப்பகிர்வு 4.0 உரிமத்தில் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். தனிச் சொல் ஒன்றுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது உண்மையே. ஆனால் சொற்களின் தேர்வு, வகைப்பாடு, விளக்கம் ஆகியவை சேரும்போது நிலைமை மாறுகிறது. எந்தப் புள்ளியில் மாறுகிறது என்ற விவாதத்தை உங்கள் பயனர்களின் தலையில் சுமத்தக் கூடாது. அந்த உரிமத்திலிருந்து ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்குச் செல்லும் ஒருவழிப் பாதை 2015-ஆம் ஆண்டில் முறையாக அறிவிக்கப்பட்டது. எம்ஐடி உரிமத்துக்குச் செல்ல அப்படி எந்தப் பாதையும் இல்லை. இதற்கு நேர்த்தியான தீர்வு, சொற்பட்டியலைத் தனித் தொகுப்பாகப் பிரித்து அதன் சொந்த உரிமத்தோடு வெளியிட்டு, நிரல் அதைத் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளுமாறு செய்வதுதான். அல்லது தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களின் உரையிலிருந்து பட்டியலை நீங்களே புதிதாகத் திரட்டலாம். உழைப்பு கூடுதல்தான், ஆனால் தடையற்ற வழி.

ஸ்டேக் ஓவர்ஃப்ளோவிலிருந்து படியெடுத்த நிரல் துண்டுகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் அதேமுறைப்பகிர்வு உரிமத்தின் கீழ் வருபவையே. அப்படி ஒட்டிய பகுதி பெரிதாக இருந்தால் அதைச் சொந்தமாக மீண்டும் எழுதிவிடுங்கள்.

சார்பு லைப்ரரிகளைப் பொறுத்தவரை நினைவில் வைக்க வேண்டிய விதி இதுதான்: தளர்வான உரிமம் கொண்ட நிரலைக் கடுமையான உரிமம் கொண்ட நிரலுக்குள் கொண்டுசெல்லலாம், எதிர்த்திசையில் செல்ல முடியாது. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 ஆகியவற்றில் உள்ளதை ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்குள் சேர்க்கலாம். ஆனால் அப்பாச்சி 2.0 நிரலை, இரண்டாம் பதிப்பு மட்டும் என்று வரையறுத்த ஜிபிஎல் நிரலோடு சேர்த்து வெளியிட முடியாது என்பதே ஜிபிஎல் உரிமத்தை வெளியிடும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் நிலைப்பாடு. அப்பாச்சி உரிமத்தில் உள்ள காப்புரிமை முடிவுறுத்தல் பிரிவு (வழக்குத் தொடுப்பவரின் காப்புரிமை அனுமதியை நீக்குவது; படி 5-இல் காண்போம்), இரண்டாம் பதிப்பு அனுமதிக்காத கூடுதல் கட்டுப்பாடாகக் கருதப்படுவதே காரணம்.

படி 3: பயன்படுத்துவோரிடம் எதைத் திரும்பக் கேட்கிறீர்கள்?

முழுத் தேர்வும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. பதில்களை நான்கு நிலைகளாகப் பார்க்கலாம்.

எதையும் கேட்கவில்லை, என் பெயரும் உரிமக் குறிப்பும் இருந்தால் போதும் என்றால் எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 போன்ற தளர்வான உரிமங்கள் பொருந்தும். உங்கள் லைப்ரரியை மூடிய மென்பொருளில் சேர்த்து விற்கலாம்; திருத்தங்களை உங்களுக்குத் தர வேண்டியதில்லை. இதற்கு மனம் முழுதாக ஒப்ப வேண்டும். ஒரு பெருநிறுவனம் உங்கள் உழைப்பை எடுத்துப் பொருளீட்டி, நன்றி என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் போகும் நாளில் வருந்துவீர்கள் என்றால், இந்த வகை உங்களுக்கானது அல்ல.

என் கோப்புகளில் செய்த திருத்தங்களை மட்டும் வெளியிடுங்கள், உங்கள் நிரலை நீங்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளுங்கள் என்பது இரண்டாம் நிலை. 2012-இல் வெளியான மொஸில்லா பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, அதாவது எம்பிஎல் 2.0, கோப்பு அளவில் இந்த எல்லையை வரைகிறது. நம் எடுத்துக்காட்டைப் பாருங்கள். தமிழ் விசைப்பலகைச் செயலி ஒன்றை உருவாக்கும் நிறுவனம் அந்த லைப்ரரியைச் சேர்த்துக்கொள்கிறது. "மரத்தினின்று" என்ற சொல்லில் உருபு தவறாகப் பிரிவதைக் கண்டு விதிக் கோப்பைத் திருத்துகிறது. செயலியைப் பயனர்களுக்குத் தரும்போது, திருத்திய அந்த விதிக் கோப்பின் மூலத்தையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். விசைப்பலகைச் செயலியின் நிரலைக் காட்ட வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு: மேம்பாட்டை உங்கள் கோப்பில் செய்யாமல் முற்றிலும் புதிய கோப்பில் எழுதினால், அது இந்தக் கடப்பாட்டுக்குள் வராது.

லைப்ரரி முழுவதும், அதன் திருத்தங்கள் உட்பட, திறந்தே இருக்க வேண்டும். அத்துடன் இறுதிப் பயனர் அதை மாற்றிப் பொருத்திக்கொள்ளும் உரிமையும் காக்கப்பட வேண்டும் என்பது மூன்றாம் நிலை. இங்கே எல்ஜிபிஎல் வருகிறது. லைப்ரரிகளை மனத்தில் கொண்டே 1991-இல் எழுதப்பட்டு, 1999-இல் 2.1 பதிப்பாகவும் 2007-இல் மூன்றாம் பதிப்பாகவும் திருத்தப்பட்டது. அதன் நடைமுறைச் சிக்கல்களை அடுத்த படியில் காண்போம்.

என்னைப் பயன்படுத்தும் நிரலும் திறந்திருக்க வேண்டும் என்பது நான்காம் நிலை; இது ஜிபிஎல். மென்பொருளை வலைச்சேவையாக இயக்குவோரும் மூலத்தைத் தர வேண்டும் என்று விரும்பினால் ஏஜிபிஎல். இந்த நிலையின் வலிமையைக் காட்டும் நிகழ்வு 1992-இல் நடந்தது. கட்டளை வரியில் தட்டச்சு செய்வதை எளிதாக்கும் குனு ரீட்லைன் லைப்ரரி ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிச் செயலாக்கத்தை எழுதிய புருனோ ஹைபிள் ரீட்லைனோடு இணைத்து அதை வழங்கியபோது, ஜிபிஎல் உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆட்சேபித்தார். மின்னஞ்சல் விவாதத்தின் முடிவில் சிலிஸ்ப் முழுவதும் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. ரீட்லைன் அளித்த வசதிக்கு நிகரான மாற்று எளிதில் கிடைக்காததால்தான் அந்த நெருக்குதல் பலித்தது.

இதற்கு நேர்மாறான முடிவுக்கும் அதே ஸ்டால்மன் ஆதரவளித்தார் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆக் வோர்பிஸ் ஒலிக்குறியீட்டு லைப்ரரி 2001-இல் எல்ஜிபிஎல் உரிமத்திலிருந்து பிஎஸ்டி வகை உரிமத்துக்கு மாறியபோது அவர் அதை வரவேற்றார். எம்பி3 என்ற காப்புரிமைச் சுமை கொண்ட வடிவத்தோடு வோர்பிஸ் போட்டியிட வேண்டியிருந்தது. மூடிய மென்பொருள்களும் இசைக்கருவிகளும் அதைத் தயக்கமின்றி ஏற்றால்தான் கட்டற்ற வடிவம் பரவும். கொள்கையில் உறுதியானவர்கள்கூட லைப்ரரியின் சூழலைப் பார்த்தே உரிமத்தை முடிவுசெய்தார்கள் என்பதை இந்த இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

ஆகவே என் கருத்து இது. அதே வேலையைச் செய்யும் வேறு லைப்ரரிகள் தளர்வான உரிமத்தில் ஏற்கெனவே கிடைக்கின்றன என்றால், உங்கள் லைப்ரரிக்கு ஜிபிஎல் இடுவதால் யாரும் தம் நிரலைத் திறந்துவிடப் போவதில்லை. உங்களை விட்டு மற்றதை எடுத்துக்கொள்வார்கள். அந்த நிலையில் அப்பாச்சி 2.0 நல்ல தேர்வு. வேறெங்கும் கிடைக்காத திறன் உங்களிடம் இருந்தால் ஜிபிஎல் பொருளுள்ள தேர்வாகிறது. நம் எடுத்துக்காட்டான சொல் பிரிப்பு லைப்ரரிக்கு நான் எம்பிஎல் 2.0 உரிமத்தையே பரிந்துரைப்பேன். தமிழுக்கான இத்தகைய கருவிகளின் உயிர் விதிகளில் இருக்கிறது. அந்த விதிகள் பலர் கைபட்டுத்தான் செம்மையாகும். திருத்தங்கள் திரும்பி வர வேண்டும், அதே சமயம் வணிகச் செயலிகளும் அதைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற இரு தேவைகளையும் அது ஒருங்கே நிறைவேற்றுகிறது.

ஏஜிபிஎல் குறித்துத் தனியாக ஒரு சொல். கூகுள் போன்ற நிறுவனங்கள் தம் பணியிடத்துக்குள் ஏஜிபிஎல் நிரலைப் பயன்படுத்துவதை வெளிப்படையாகவே தடைசெய்துள்ளன. பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கும் ஐடெக்ஸ்ட் லைப்ரரி இந்தத் தயக்கத்தையே வணிக வழியாக அமைத்துக்கொண்டது: ஏஜிபிஎல் நிபந்தனையை ஏற்போர் அப்படியே பயன்படுத்தலாம், ஏற்க இயலாதோர் வணிக உரிமத்தை விலைக்கு வாங்கலாம். இந்த வழியில் செல்ல நினைப்பவர், எல்லாப் பங்களிப்புகளின் உரிமையையும் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். படி 7 அதைப் பற்றியது.

படி 4: உங்கள் மொழியில் இணைப்பு எப்படி நடக்கிறது?

எல்ஜிபிஎல் எழுதப்பட்ட காலத்தில் லைப்ரரி என்றால் பெரும்பாலும் சி மொழியில் எழுதி, இயங்கும் நேரத்தில் இணைக்கப்படும் தனிக் கோப்பு. அந்தச் சூழலில் அதன் நிபந்தனையை நிறைவேற்றுவது எளிது, ஏனெனில் பயனர் பழைய கோப்பை எடுத்துவிட்டுத் தாம் திருத்திய கோப்பை வைக்க முடியும். லைப்ரரியை நிரலுக்குள்ளேயே நிலையாக இணைத்துவிட்டால், பயனர் மீண்டும் இணைத்துக்கொள்ளும் வகையில் தொகுக்கப்பட்டு இன்னும் இணைக்கப்படாத ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது தர வேண்டும். கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளில் நிலையான இணைப்பே இயல்பான வழக்கம் என்பதால், அங்கே எல்ஜிபிஎல் நடைமுறையில் கிட்டத்தட்ட ஜிபிஎல் அளவுக்குச் சுமையாகிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் பண்ட்லர் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருக்கிவிடுகிறது. சி++ மொழியில் டெம்ப்ளேட்டுகள் நிறைந்த ஹெட்டர் லைப்ரரி பயனரின் நிரலுக்குள்ளேயே விரிந்துவிடுகிறது. இந்த மூன்று சூழல்களிலும் மென்மையான காப்பிலெஃப்ட், அதாவது லைப்ரரியின் திருத்தங்களை மட்டும் திறந்து வைக்கக் கோரும் நிபந்தனை, வேண்டுமென்றால் எம்பிஎல் 2.0 உரிமத்தை எடுங்கள். அதன் எல்லை இணைப்பு முறையைச் சார்ந்ததன்று.

பைத்தானில் இம்போர்ட் செய்வது இணைப்பாகுமா என்பது இன்றும் வாதத்துக்குரியது. மூலநிரல் வடிவிலேயே லைப்ரரி வருவதால் அதை மாற்றிப் பொருத்துவது எளிது. ஆனாலும் தெளிவின்மையே சில சட்டக் குழுக்கள் வேண்டாமென்று சொல்லப் போதுமான காரணமாகிவிடுகிறது.

கட்டமைப்பு விருப்பங்களும் உரிமத்தை மாற்றும். ஒலி, காணொளிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் இயல்பாக எல்ஜிபிஎல் 2.1 அல்லது பிந்தைய பதிப்பு. ஆனால் கட்டமைக்கும்போது ஜிபிஎல் பகுதிகளை இயக்கும் விருப்பத்தைக் கொடுத்து எக்ஸ்264 என்ற காணொளிக் குறியீட்டு லைப்ரரி போன்றவற்றைச் சேர்த்தால், கிடைக்கும் லைப்ரரி முழுவதும் ஜிபிஎல் ஆகிவிடும். உங்கள் லைப்ரரியிலும் இப்படி விருப்பத்தேர்வான பகுதிகள் இருந்தால், எந்தக் கட்டமைப்பு எந்த உரிமத்தைத் தரும் என்பதை எஃப்எஃப்எம்பெக் செய்திருப்பதைப் போலவே ஆவணத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்.

படி 5: காப்புரிமையையும் காலவரையறையையும் கருதுங்கள்

பதிப்புரிமை எழுதிய வடிவத்தைக் காக்கிறது; காப்புரிமை கண்டுபிடிப்பைக் காக்கிறது. எம்ஐடி உரிமம் காப்புரிமை பற்றி வெளிப்படையாக எதுவும் பேசுவதில்லை. 2004-இல் வெளியான அப்பாச்சி 2.0, ஒவ்வொரு பங்களிப்பாளரும் தம் பங்களிப்பால் மீறப்படக்கூடிய தம் காப்புரிமைகளுக்கு அனுமதி தருவதாகத் தன் மூன்றாம் பிரிவில் எழுதியிருக்கிறது. அந்த நிரலால் தம் காப்புரிமை மீறப்படுகிறது என்று வழக்குத் தொடுப்பவர், தமக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதியை இழப்பார். எம்பிஎல் 2.0, ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு ஆகியவற்றிலும் இதையொத்த பிரிவுகள் உள்ளன. படச்செயலாக்கம், ஒலி, காணொளி, மறைகுறியாக்கம் போன்ற துறைகளில் லைப்ரரி எழுதுவோர் இந்தப் பிரிவு உள்ள உரிமத்தையே எடுக்க வேண்டும் என்பேன்.

இந்தப் பிரிவைச் சொந்தமாக எழுத முயல்வது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு, வலைப்பக்க இடைமுகங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் லைப்ரரியின் வரலாறு சான்று. ஃபேஸ்புக் அதைப் பிஎஸ்டி உரிமத்தோடு, தனியாக எழுதிய காப்புரிமைக் கோப்பையும் சேர்த்து வெளியிட்டது. ரியாக்டுக்குத் தொடர்பே இல்லாத காப்புரிமை வழக்கை ஃபேஸ்புக் மீது ஒருவர் தொடுத்தாலும் அவருக்கான அனுமதி நீங்கிவிடும் வகையில் அது அமைந்திருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அதைச் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. வேர்டுபிரஸ் குழு ரியாக்டைக் கைவிடப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபேஸ்புக் எம்ஐடி உரிமத்துக்கு மாறியது.

இந்தியாவில் இருந்து எழுதுவோர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளச் சொல்கிறது. 30ஏ பிரிவு, அந்த விதிகளைத் தக்க மாற்றங்களோடு உரிமங்களுக்கும் பொருத்துகிறது. அப்பாச்சி 2.0 நிரந்தரம், உலகளாவியது, திரும்பப்பெற முடியாதது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. எம்ஐடி உரிமத்தில் அந்தச் சொற்கள் இல்லை. இரண்டும் சமமாகப் பொருந்தும் நிலையில் நான் அப்பாச்சி பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம்.

ரஸ்ட் சமூகத்தில் எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0 என இரண்டையும் கொடுத்து, பயனர் விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொல்வது பரவலான வழக்கம். ஜிபிஎல் இரண்டாம் பதிப்புத் திட்டங்கள் எம்ஐடி வழியாக வரலாம், காப்புரிமைப் பாதுகாப்பு வேண்டுவோர் அப்பாச்சி வழியாக வரலாம். உங்கள் மொழிச் சமூகத்தில் இப்படி நிலைபெற்ற வழக்கம் இருந்தால், வலுவான காரணமின்றி அதை மீற வேண்டாம்.

படி 6: இவற்றை விலக்குங்கள்

சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். இருக்கும் உரிமத்தில் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். டக்ளஸ் கிராக்ஃபர்டு ஜேசன் லைப்ரரிகளுக்கு எழுதிய உரிமம், எம்ஐடி உரிமத்தோடு "இம்மென்பொருள் நன்மைக்கே பயன்பட வேண்டும், தீமைக்கு அன்று" என்ற பொருள்படும் ஒரே ஒரு வரியைக் கூட்டியது. எது நன்மை என்று யார் தீர்மானிப்பது? டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. அப்பாச்சி அறக்கட்டளை 2016-இல் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலில் வைத்தது. அந்த ஒரு வரிக்காகப் பல திட்டங்கள் வேறு லைப்ரரியைத் தேடிச் சென்றன. வணிகப் பயன்பாடு கூடாது, இன்ன நாட்டார் பயன்படுத்தக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளும் இதே முடிவையே தரும். திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவின் வரையறைப்படி அவை திறமூல உரிமங்களும் ஆகா.

நிரலுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை இட வேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. ஆவணங்களுக்கும் தரவுக்கும் அவை நன்கு பொருந்தும். எழுத்துருக் கோப்புகளை உள்ளடக்கினால் அவற்றுக்கென்றே உள்ள எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தைப் பாருங்கள்.

பதிப்புரிமையே கோராமல் பொதுவுடைமையாக விட்டுவிடலாமா என்று கேட்போர் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியைச் சுட்டுவார்கள். அது பொதுவுடைமையில் இருப்பது உண்மை. ஆயினும் அந்த நிலையைத் தம் நாட்டுச் சட்டம் ஏற்குமா என்று ஐயுறும் நிறுவனங்களுக்காகவே, அதன் உருவாக்குநர்கள் உரிமைச் சான்று ஒன்றை விலைக்கு வழங்கும் நிலை இருக்கிறது. நிபந்தனையே வேண்டாம் என்றால், பெயர்குறிப்பிடலைக்கூடக் கோராத பூஜ்யப் பிரிவு பிஎஸ்டி உரிமம் எளிய வழி.

படி 7: பங்களிப்புகள் எந்த உரிமத்தில் வருகின்றன என்று எழுதிவையுங்கள்

பெரும்பாலான லைப்ரரிகளுக்கு, எந்த உரிமத்தில் வெளியிடுகிறோமோ அதே உரிமத்தில் பங்களிப்புகளையும் பெறுகிறோம் என்ற ஒரு வாக்கியம் போதும். அப்பாச்சி 2.0 உரிமத்தின் ஐந்தாம் பிரிவு இதை உரிமத்துக்குள்ளேயே சொல்லிவிடுகிறது. இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால், லினக்ஸ் கெர்னலில் 2004 முதல் நடப்பில் உள்ள டிசிஓ என்ற உருவாக்குநர் மூலச் சான்று முறையைப் பின்பற்றலாம். பங்களிப்பவர், இந்த நிரலைத் தரும் உரிமை தமக்கு உண்டு என்று ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது களஞ்சியத்தில் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும், தம் பெயரோடு ஒரு வரி சேர்த்து உறுதியளிக்கிறார். கமிட் கட்டளைக்கு ஓர் எழுத்து விருப்பம் கூட்டினால் அந்த வரி தானே வந்துவிடும்.

சிஎல்ஏ எனப்படும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் இதைவிடக் கனமானது. இரட்டை உரிமத்தில் விற்க நினைப்போருக்கு அது தேவை. மற்றவர்கள் அதைக் கேட்டால், நாளை இந்தத் திட்டம் மூடிய உரிமத்துக்கு மாறுமோ என்ற அச்சம் பங்களிப்பாளர்களுக்கு வருவது நியாயமே. 2023-இல் டெராஃபார்ம் என்ற கணினி உள்கட்டமைப்புக் கருவியின் உரிமத்தை அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் மாற்றியதும், ஓப்பன்டோஃபு என்ற பெயரில் சமூகம் பிரிந்து சென்றதும் அந்த அச்சத்தை வளர்த்திருக்கின்றன.

எதையும் எழுதிவைக்காமல் பல ஆண்டுகள் வளர்ந்த லைப்ரரியின் உரிமத்தை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை, இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி காட்டியது. விளம்பரங்களில் திட்டத்தின் பெயரைக் குறிப்பிடக் கோரும், அதன் பழைய உரிமத்தில் இருந்த விளம்பரப் பிரிவு ஜிபிஎல் நிரல்களோடு பொருந்தவில்லை. 2015-இல் மாற்றும் எண்ணத்தை அறிவித்து, நூற்றுக்கணக்கான பங்களிப்பாளர்களைத் தேடித் தொடர்புகொண்டு சம்மதம் கேட்டார்கள். 2021 செப்டம்பரில் 3.0 பதிப்பு வெளியானபோதுதான் அப்பாச்சி 2.0 உரிமம் நடைமுறைக்கு வந்தது. மாற்றம் நிகழ்ந்தாலும் முன்பு வெளியிட்ட பதிப்புகள் பழைய உரிமத்திலேயே நீடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 8: உரிமத்தைச் சரியான இடங்களில் பதியுங்கள்

உரிமத்தின் முழு உரையையும், ஓர் எழுத்தும் மாற்றாமல், களஞ்சியத்தின் மேல்நிலையில் லைசென்ஸ் என்ற பெயருள்ள கோப்பில் வையுங்கள். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களில் ஆண்டையும் பெயரையும் நிரப்ப வேண்டிய இடம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்ட களஞ்சியங்கள் ஏராளம். அப்பாச்சி 2.0 உரிமத்தில் அந்த இடம் பின்னிணைப்பில் உள்ள மாதிரிக் குறிப்பில் மட்டுமே வருகிறது. உரிம உரையைத் தொட வேண்டாம், அந்தக் குறிப்பைப் பெயர் நிரப்பி மூலக் கோப்புகளில் இடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு மூலக் கோப்பின் தலைப்பிலும் உரிமத்தின் பெயரைச் சீரான சுருக்கத்தில் தரும் எஸ்பிடிஎக்ஸ் அடையாளக் குறியீட்டை ஒரு வரியாக எழுதுங்கள். லைப்ரரியின் கோப்புகள் தனித்தனியாகப் பிறர் களஞ்சியங்களுக்குப் பயணிக்கும். அப்போது அந்த வரியே உரிமத்தை உடன் எடுத்துச்செல்லும். ஜிபிஎல் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள், இந்தப் பதிப்பு மட்டுமா, இதுவும் பிந்தைய பதிப்புகளுமா என்பதைக் குறியீட்டிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பு மட்டும் என்ற வகை. பிந்தைய பதிப்புகளையும் அனுமதிப்பது பிற்காலப் பொருத்தச் சிக்கல்களைக் குறைக்கும்.

பிறகு தொகுப்பின் விவரக் கோப்பில், அதாவது பைப், என்பிஎம், கார்கோ போன்ற நிறுவல் கருவிகள் வாசிக்கும் கோப்பில், அதே குறியீட்டைக் கொடுங்கள். நிறுவனங்களின் தானியங்கிச் சோதனைகள் பெரும்பாலும் இந்த இடத்தையே முதலில் பார்க்கின்றன. லைசென்ஸ் கோப்பில் ஒன்றும் விவரக் கோப்பில் மற்றொன்றும் இருந்தால், உங்கள் லைப்ரரி அங்கேயே நிராகரிக்கப்படும்.

வெளியிடுவதற்கு முன், உருவாக்கிய தொகுப்பை ஒரு வெற்று அடைவில் விரித்துப் பாருங்கள். பைத்தான் வீல் கோப்பு வெறும் ஜிப் கோப்புதான். அதைத் திறந்தால், பெயரின் இறுதியில் டிஸ்ட்-இன்ஃபோ என்று முடியும் அடைவுக்குள் உரிமக் கோப்பு இருக்க வேண்டும். சொற்பட்டியலைத் தனித் தொகுப்பாகப் பிரித்திருந்தால், அதற்குள் அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் விக்சனரிப் பங்களிப்பாளர்களுக்கான பெயர்குறிப்பும் இருக்கின்றனவா என்று தனியே பாருங்கள். களஞ்சியத்தில் இருந்தும் தொகுப்புக்குள் வராமல் போன உரிமக் கோப்பு, நிறுவிப் பயன்படுத்துபவருக்கு இல்லாததற்குச் சமம். இருந்தால் பதிப்பு எண்ணை இட்டு வெளியிடுங்கள்.